துளசிமணியின் இடது கண்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். எங்கள் கோபி டவுனுக்கே மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. போன வாரமே பஸ் ஸ்டாண்டில் இரண்டு மூன்று பேர் மழையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள். இன்று மெடிக்கலைத் திறந்ததும் ஒரே வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். எல்லோருக்கும் இரண்டு கண்ணும் சிவப்பு. நீர் வடிகிறது, மண் விழுந்தது போல உறுத்துகிறது, தூங்கி எழுந்தால் இமை ஒட்டிக்கொள்கிறது.

துண்டையும் தலையணையையும் பங்கு போடாதீர்கள், கண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும் என்றேன். தானாகப் போகும் என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

"ஏதாச்சும் குடுத்து உடுங்க டாக்டரே" என்றார் குடும்பத் தலைவர்.

நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேலாகக் கடை நடத்துகிறேன். ஆனாலும் இந்த சீசனில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உறுத்தலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் சொட்டு மருந்து கொடுத்தனுப்பினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். துளசிமணி சிரித்தாள். "டாக்டரே, ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

நவம்பர் 5, புதன்

டவுன் பஸ் கண்டக்டர் மயில்சாமியை அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். மயில்சாமியின் வலது கண்ணில் வெள்ளை விழியில் பாதி, ரத்தம் கொட்டினது போல அப்படியே சிவப்பு. கடையில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். வலிக்கிறதா என்றேன். இல்லை. பார்வை மங்குகிறதா? எதிர்க்கடை போர்டைப் பிழையில்லாமல் படித்தார். வெளிச்சம் கூசுகிறதா? இல்லை. ஒரு வாரமாக இருமல் இருந்ததாம். இருமின வேகத்தில் மேலே இருக்கிற பொடி ரத்தக் குழாய் ஒன்று உடைந்திருக்கும்.

"பாக்கத்தான் பயமா இருக்கும். ஒண்ணும் பண்ணாதுங்க. வலி, பார்வை மங்கறது, வெளிச்சம் பாத்தாக் கூசறது, இதுல ஒண்ணு இருந்தாத்தான் கண் டாக்டர்கிட்ட ஓடணும். இது ரெண்டு வாரத்துல மஞ்சளாயி மறைஞ்சு போயிரும். போற வழியில பிரஷர் மட்டும் பாத்துக்குங்க" என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். மருந்து எதுவும் விற்கவில்லை. நல்ல நாள்.

நவம்பர் 8, சனி

விளக்கு வைத்த பிறகு துளசிமணி போன் செய்தாள். வீடு, கடைக்கு மூன்று தெரு தள்ளித்தான். கடையில் கூட்டம்.

"ஏனுங்க, இடது புருவத்துக்கு மேல ஒரே நோவா நோவுதுங்க. கண்ணும் செவந்தாப்ல இருக்குது. தெரு லைட்டப் பாத்தா அதச் சுத்தி வானவில்லாட்ட வட்டம் தெரியுது."

மழை ஈரத்தில் அப்படித்தான் தெரியும் என்றேன். "டி.வி.ய நிறுத்திப்போட்டு சித்த நேரம் படு."

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் வலி இல்லை என்றாள். இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் மழை விட்டது.

நவம்பர் 12, புதன்

கார்த்திகை தீபம் வருகிறது. ஊரெல்லாம் வெள்ளை அடிக்கிறார்கள். பதினொரு மணி வாக்கில் பெயின்டர் குப்புராஜை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புப் பால் கண்ணில் தெறித்துவிட்டது. இப்போதே சொட்டு மருந்து விடச் சொல்லிக் கத்தினார்கள். சொட்டு மருந்தில் ஆகிற காரியம் இல்லை. கடை வாசலில் இருக்கும் குழாயில் டியூபை மாட்டி, அவரைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். அவர் திமிறினார், கெட்ட வார்த்தை சொன்னார். அரை மணி நேரம் விடவில்லை. பிறகு ஆட்டோவில் ஏற்றி நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

மாற்றுச் சட்டை துளசிமணி கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்துவிட்டு, "எல்லாரையும் இப்பிடி அக்கறையாப் பாத்துக்கறீங்க" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி

காலேஜ் பெண் ஒருத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். மெட்ராஸ் ஐ மருந்து வேண்டுமாம். ஒரு கண் மட்டும் சிவந்திருந்தது, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. விசாரித்ததில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாள், அதோடேயே தூங்குகிறாள். லென்ஸைக் கழற்றி எறியச் சொன்னேன். கருவிழியில் புண் வந்திருக்கலாம், இன்றைக்கே டாக்டரைப் பார், கண்டபடி யார் மருந்து கொடுத்தாலும் விட்டுக்கொள்ளாதே என்றேன். பயந்துவிட்டாள். பயப்படட்டும்.

சாயங்காலம் துளசிமணிக்கு மறுபடி அந்தப் பக்கத் தலைவலி. போனில் சொன்னாள். தலைவலி மாத்திரை அலமாரியில் இருக்கிறது, போட்டுக்கொள் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சாப்பிடும்போது துளசிமணி, "ஈரோடு போயிக் கண்ணக் காட்டீட்டு வந்தர்லாமுங்களா?" என்றாள்.

சீசன் நேரம், கடையை விட்டுவர முடியாது. கார்த்திகை முடியட்டும் என்றேன். சரி என்றாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவசரமாக இருந்தால் கேட்டிருப்பாள்.

நவம்பர் 22, சனி

துளசிமணிக்குச் சளி, மூக்கடைப்பு. மத்தியானம் போகும்போது சளி மாத்திரை ஒரு அட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்புப் போவதற்கு ஒரு சொட்டு மருந்தும் வைத்தேன். டி.வி.யில் எழுத்து புகை மூட்டமாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடியில் பவர் மாறியிருக்கும். வயது ஐம்பத்து நான்கு ஆகிறது.

மொத்த வியாபாரக் கடையிலிருந்து சரக்கு பாதிதான் வந்தது. சொட்டு மருந்துக்கு எங்கேயும் தட்டுப்பாடு.

நவம்பர் 27, வியாழன்

துளசிமணியை ஈரோட்டில் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. கடையை ஐந்தரைக்குச் சாத்தினேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது.

காலையில் பத்து மணிக்கு மேல் துளசிமணி போன் செய்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகவும், தலை வெடிக்கிற மாதிரி வலிப்பதாகவும், வயிற்றைப் பிடித்து இழுப்பதாகவும் சொன்னாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிக்கொள்கிறேன். "செவந்துதான் கெடக்குது. சரியாவே தெரியமாட்டீங்குது" என்றாள். கடையில் ஏழெட்டுப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். மெட்ராஸ் ஐ ஒட்டியிருக்கும், வாந்தி பித்தம் என்றேன். வாந்திக்கும் வயிற்று இழுப்புக்கும் மாத்திரை எடுத்து, அந்தப் பக்கம் போன பால்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் போன் செய்யவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மாடியில் குடியிருக்கும் அனுசூயா பேங்கில் வேலை பார்க்கிறவர். நேற்று சீக்கிரம் திரும்பிவிட்டார். கீழ் வீட்டுக் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். சன்னலெல்லாம் சாத்தி, துளசிமணி தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்திருந்தாளாம். வலது கண்ணைப் பொத்திவிட்டு முகத்துக்கு நேரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டதற்கு, "கை இருக்குதுன்னு தெரியுது, வெரல் தெரியலீங்க" என்றாளாம். அனுசூயா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. காரில் உட்காரவைத்துக் கிளம்பிவிட்டார். பாதி வழியில்தான் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, அக்காவக் கூட்டீட்டு ஈரோடு போயிட்டிருக்கேன். நீங்க பஸ்ஸப் புடிச்சு வந்து சேருங்க."

"அவ்வளவு அவசரமுங்களா?"

அனுசூயா பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் நஸீமா, சின்ன வயசு. கோபமாகப் பேசவில்லை. ஒரு தாளில் கண்ணைப் படம் போட்டுக் காட்டினார்.

"கண்ணுக்குள்ள ஒரு தண்ணி எப்பவும் சுரந்துட்டே இருக்கும். அது வடியறதுக்கு ஓரத்துல ஒரு வடிகால். இவங்களுக்குப் பிறவியிலேயே அது குறுகலா இருக்கு. அது மொத்தமா அடைச்சுக்கிச்சு. கண்ணுல அழுத்தம் இருபதைத் தாண்டக்கூடாது. வரும்போது அறுபது இருந்துச்சு. இது மெட்ராஸ் ஐ இல்லைங்க. திடீர்னு வர்ற கிளாக்கோமா. உள்ள இருக்கிற நரம்பு மணிக்கணக்குல செத்துரும்."

"வாந்தி எடுத்தா. அதனால வயிறுன்னு..." என்றேன்.

"நிறையப் பேர் அப்படித்தான் ஏமாந்துபோறாங்க. அழுத்தம் ஏறினா வாந்தி வரும். ஒரு கண்ணு மட்டும் சிவக்கும், அந்தப் பக்கமே தலை வலிக்கும், பார்வை மங்கும். அதுக்கு முன்னாடியே லைட்டைச் சுத்தி கலர் கலரா வளையம் தெரிஞ்சிருக்கணுமே? சாயங்காலம் வந்து, தூங்கி எழுந்தா சரியாகியிருக்கும்."

துளசிமணி கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"அப்பவே வந்திருந்தா லேசர்ல ஒரு சின்ன ஓட்டை போட்டிருப்போம். பத்து நிமிஷ வேலை. சரி, இந்த ஒரு வாரத்துல என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க? சளிக்கு, வயித்து இழுப்புக்குன்னு சில மாத்திரை இந்த மாதிரிக் கண்ணுக்கு ஆகாது. கண்மணி விரிஞ்சு வடிகாலை அடைச்சிரும்."

அட்டைக்குள் வைக்கிற தாளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கையில் எடுக்கிற அட்டை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் துளசிமணி பேசினாள். கண்ணைத் திறக்கவில்லை.

"ரெண்டுமே போட்டனுங்க டாக்டர். சளின்னு நானாத்தான் கடையில இருந்து எடுத்துப் போட்டுக்கிட்டேன். இவருக்குத் தெரியாதுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

நவம்பர் 29, சனி

அழுத்தம் இறங்கிவிட்டது. இடது கண்ணுக்கு லேசர் போட்டார்கள். வலது கண்ணுக்கும் போட்டார்கள். அதுவும் அதே அமைப்புத்தான், என்றைக்கு வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாமாம். வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் ஆள் நடமாட்டம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தேறலாம், பழையபடி ஆகாது என்றார் டாக்டர்.

மகள் கோகிலவாணி ஓசூரிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "அப்பா, அம்மா எப்ப இருந்து சொல்லீட்டிருந்தாங்க?" என்றாள்.

"அன்னைக்குத்தான்" என்றேன்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் தயிர்ச் சோறு. நன்றாக இருந்தது.

டிசம்பர் 1, திங்கள்

வீட்டுக்கு வந்தோம். அழுத்தம் இறக்கக் கொடுத்த மாத்திரையால் துளசிமணிக்கு விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறது. எது சாப்பிட்டாலும் சப்பென்று இருக்கிறதாம். கோகிலா லீவு போட்டுக்கொண்டு தங்கியிருக்கிறாள். நாளைக்கு நான்கு தடவை சொட்டு மருந்து. அவள் விடுகிறாள்.

கடையைத் திறந்தேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் கோகிலா விளக்கு வைத்தாள். துளசிமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். வட்டம் தெரிகிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. காற்றில் இரண்டு விளக்கு அணைந்தது. அவள் எட்டிப் பற்றவைக்கப் போனபோது தீக்குச்சி திரிக்குப் போகாமல் பக்கத்தில் போனது. இன்னொரு தடவை முயன்றாள். பிறகு தீப்பெட்டியைக் கோகிலாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

டிசம்பர் 5, வெள்ளி

கூட்டம் குறைந்திருக்கிறது. பாதி பேரை நானே அனுப்பிவிடுகிறேன். ஒரு கண் மட்டும் சிவப்பா, வலிக்கிறதா, மங்குகிறதா, வாந்தி வந்ததா, தலை வலிக்கிறதா என்று கேட்கிறேன். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருந்து கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தைக்குக் கண் சிவந்து வந்தாலும் அதேதான். சளி மாத்திரை கேட்பவர்களிடமும் கண்ணைப் பற்றிக் கேட்கிறேன். மார்க்கெட்டுக்காரர் ஒருவர், "சளிக்கு மாத்திரை கேட்டா கண்ண எதுக்குங்க நோண்டறீங்க?" என்று சலித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே கேட்காமல் கொடுத்தார்கள்.

டிசம்பர் 8, திங்கள்

மறுபரிசோதனை நாள். துளசிமணி, "நான் அனுசூயா கூடப் போய்க்கறேன். நீங்க கடையப் பாருங்க" என்றாள். கடையைத் திறக்காமல் நானும் கிளம்பினேன். அனுசூயாவுக்கு பேங்கில் வேலை வந்துவிட்டதால் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம்.

டாக்டர் அழுத்தம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் சரியாக இருக்கிறது. மகளுக்கும் இந்த அமைப்பு இருக்கலாம், ஒருமுறை காட்டிவிடுங்கள், நாற்பது தாண்டினால் வருடா வருடம் காட்டுங்கள் என்றார். எழுந்திருக்கப் போனோம்.

"டாக்டர், அந்த மாத்திரை நான்தாங்க கொடுத்தேன். ரெண்டும். அவளா எடுத்துக்கல. எனக்குக் கடை, மருந்துக் கடை. லைட்டச் சுத்தி வட்டம் தெரியுதுன்னு எட்டாம் தேதியே சொன்னா" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "மருந்துக் கடைன்னு பைல்லயே இருக்குங்க" என்றார். பைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "உங்க கடைக்கு நாளைக்கு எத்தனையோ பேர் வருவாங்க. இப்படி வர்றவங்களை உடனே இங்க அனுப்பிவைங்க. அது போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. ஆனால் வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார்.

பஸ்ஸில் துளசிமணி சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் அவளுடைய இடது பக்கம். பஸ் ஈரோட்டைத் தாண்டியதும் கேட்டாள்.

"எதுக்குங்க இப்பச் சொன்னீங்க?"

"நீ எதுக்குப் பொய் சொன்ன?"

"அன்னைக்குக் கண்ண மூடிக் கெடந்தனா, உங்க மூஞ்சி தெரியல. பயந்துபோன கொரல் மட்டும் கேட்டுது. அதக் கேக்க முடியல. அதான் சொன்னேன்."

பிறகு வெளியே பார்த்தபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

"எத்தன வாட்டி சொன்னேன்? அத்தன வாட்டியும் பதில் சொன்னீங்க. ஒருக்காக்கூட எந்திரிச்சு வந்து என்ற கண்ணப் பாக்கல. ஊர்ல இருக்கறவங்க கண்ணுல எல்லாம் டார்ச் அடிச்சுப் பாக்கறீங்க. மூணு தெரு நடந்து வந்திருந்தா, செவப்பு வேற மாதிரி இருக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

தெரிந்திருக்கும். ஆமாம் என்றேன். பஸ் சத்தத்தில் கேட்டதா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு நான் நிழல் மாதிரித்தான் தெரிவேன் என்பது இறங்கும்போதுதான் உறைத்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கோகிலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அன்றைக்குத்தான் சொன்னாள் என்றது பொய், எட்டாம் தேதியிலிருந்து சொன்னாள், ஈரோடு போகலாமா என்றுகூடக் கேட்டாள் என்றேன். அவள் எழுந்து அம்மா படுத்திருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தட்டு போட்டு நானே சாப்பிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

கோகிலா ஓசூர் கிளம்பினாள். மருந்து விடுகிற நேரத்தை என்னிடம் சொன்னாள். இந்த மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியது அதுதான். ஓசூரிலேயே கண்ணைக் காட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

காலை மருந்து நான் விட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். துளசிமணி சன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். கீழ் இமையை இழுத்துப் பிடித்தேன்.

சிவப்பு முழுதும் போய்விட்டது. யாராவது பார்த்தால் நல்ல கண் என்றுதான் சொல்வார்கள். கிட்டத்தில் பார்த்தால் கண்மணி வலது கண்ணைவிடப் பெரியதாக இருக்கிறது, முட்டை வடிவத்தில். வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. மேல் இமைக்குக் கீழே லேசர் போட்ட துளை, ஊசிமுனை அளவு. அவளுக்குக் கருவிழி கறுப்பு என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கறுப்பு இல்லை. பழுப்பு. ஓரத்தில் தேன் நிறம்.

"ஊத்தீட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஊத்துங்க. கழுத்து நோவுது."

ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டு அவளே துடைத்துக்கொண்டாள். அப்புறம் கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"மத்தியானத்துக்கும் சாயந்தரத்துக்கும் வந்து ஊத்தோணும். நான் போன் பண்ணிக் கூப்பிட மாட்டேன்."

மத்தியானம் போனேன். சாயங்காலம் கடையில் ஆள் இருந்தார்கள். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். மூன்று தெருவும் நடந்து போனேன். அவள் அந்த நாற்காலியிலேயே, முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.